மருத்துவமனை நிர்வாகம் படிக்கப் போகிறீர்களா? டேன்செட் முதல் டிஸ்சார்ஜ் பில் வரை

கோவையில் அவிநாசி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் பெரிய மருத்துவமனைகள். ஈரோடு, கோபி, பொள்ளாச்சி, நாமக்கல் பக்கம் டாக்டர் குடும்பமே நடத்தும் 30, 50 படுக்கை மருத்துவமனைகள். இரண்டு இடத்துக்கும் நிர்வாகம் படித்தவர்கள் தேவை, ஆனால் எதிர்பார்ப்பு வேறு. பெரிய இடத்தில் பில்லிங், தரம், ஸ்டோர்ஸ் என்று ஏதாவது ஒன்றை ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன இடத்தில் லைசென்ஸ் புதுப்பிப்பது முதல் ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்புவது வரை ஒருவரே பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்பதை முதலாண்டு முடிவதற்குள் யோசித்து வைத்தால், போஸ்டிங்கையும் (மருத்துவமனைத் துறைகளில் நேரடிப் பயிற்சி) புராஜெக்டையும் அதற்கேற்பக் கேட்டு வாங்கலாம்.

படிப்பின் பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. எம்.பி.ஏ. மருத்துவமனை மேலாண்மை, எம்.ஹெச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை), பி.ஜி. டிப்ளமோ என்று பல இருக்கின்றன. சில கல்லூரிகளில் அது பொது எம்.பி.ஏ.தான், இரண்டாம் ஆண்டில் நான்கைந்து விருப்பப் பாடங்கள் மட்டும் மருத்துவமனை பற்றியதாக இருக்கும். சேரும் முன்பே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. கலந்தாய்வு வழியாகச் சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டேன்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 100 கேள்விகள், 2 மணி நேரம், தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். அதனால் தெரியாததை விட்டுவிடுவதும் ஒரு பயிற்சி. கலந்தாய்வை நடத்துவது நம் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பி.காம். முடித்தவர்களும் நர்சிங், பார்மசி முடித்தவர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். முன்னவர்களுக்கு மருத்துவச் சொற்கள் தடுமாறும், பின்னவர்களுக்கு பேலன்ஸ் ஷீட். பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதுதான் வேகமான வழி.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம், எந்தெந்தத் துறையில் போஸ்டிங்? 'டை-அப் இருக்கு' என்ற பதில் போதாது. போன வருடம் அங்கே போய் வந்த மாணவரிடமே பேசுங்கள்.

வகுப்பில் சொல்லித்தரும் கணக்குகளில் மூன்றை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். 120 படுக்கைகள், 30 நாள் மாதம் என்றால் மொத்தம் 3,600 படுக்கை நாட்கள். அந்த மாதம் நோயாளிகள் தங்கிய நாட்கள் 2,880 என்றால் படுக்கை நிரம்பிய விகிதம் 80 சதவீதம். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் 640 பேர் என்றால் சராசரித் தங்கல் 4.5 நாள். மீதமுள்ள 720 நாட்களை 640 ஆல் வகுத்தால் 1.125, அதாவது ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை ஒரு படுக்கை சராசரியாக 27 மணி நேரம் காலியாகக் கிடக்கிறது. முதல் இரண்டை எல்லோரும் போடுகிறார்கள். மூன்றாவதுதான் படுக்கை எங்கே வீணாகிறது என்று காட்டுகிறது.

இனி போஸ்டிங். பெரும்பாலோர் எடுக்கும் புராஜெக்ட் டிஸ்சார்ஜ் தாமதம். நல்ல தலைப்பு, ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். வார்டு ரிஜிஸ்டரில் இருக்கும் நேரத்தை அப்படியே எடுத்து எழுதுவதுதான் காரணம். சிஸ்டர்கள் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக எழுதுவார்கள், 11.00, 11.30, 12.00 என்று முழு முழு நேரமாக இருக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நீங்களே நின்று குறிக்க வேண்டும். டாக்டர் 'இன்னைக்குப் போலாம்' என்று சொன்ன நேரம், டிஸ்சார்ஜ் சம்மரி (சிகிச்சைச் சுருக்கம்) டைப் ஆன நேரம், அதில் கையெழுத்தான நேரம், மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பிய நேரம், கடைசி லேப் பில் ஏறிய நேரம், பில் ரெடியான நேரம், பணமோ காப்பீட்டு ஒப்புதலோ வந்த நேரம், படுக்கை காலியான நேரம். எட்டுப் புள்ளிகள். ரொக்கம் கட்டுபவரையும் காப்பீட்டில் வருபவரையும் தனித்தனியாகப் பிரியுங்கள். சேர்த்துச் சராசரி எடுத்தால் இருவருக்குமே பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும். ஒரே ஒரு கேஸ் 14 மணி நேரம் இழுத்தால் சராசரி கெட்டுவிடும், அதனால் இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) சேர்த்துக் கொடுங்கள்.

அப்படி நின்று பார்த்தால் பழி பில்லிங் கவுண்ட்டர் மீது மட்டும் விழாது. பல இடங்களில் பில் காத்திருப்பது மருந்து ரிட்டர்னுக்காக. சம்மரி வந்த பிறகுதான் வார்டில் மருந்தை எண்ணத் தொடங்குகிறார்கள். முந்தின நாள் மாலையே 'நாளைக்கு டிஸ்சார்ஜ்' பட்டியல் போட்டு ரிட்டர்னை அனுப்பிவிட்டால் அந்தக் காத்திருப்பு போய்விடும். இன்னொன்று, சம்மரி தயார், கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். இதற்கிடையே வார்டு வாசலில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு தாராபுரத்து அம்மா ஒருவர், "கண்ணு, இன்னும் எத்தன நேரமாகுங்? கடைசி பஸ்ஸு போயிரும்" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நேரத்தோடு பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். நிர்வாகம் படிப்பது அதற்காகவும்தான்.

காப்பீட்டு டெஸ்க்கில் குறைந்தது இரண்டு வாரம் கேட்டு வாங்குங்கள். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான ஒப்புதலை 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் சொல்லிவிட்டது. ஆனால் நம் பக்கத்திலிருந்து கோப்பு முழுமையாகப் போனால்தானே? ஸ்டென்ட், இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் இல்லாமல் அனுப்புவது, நோய்க்குறிப்பில் எழுதியதும் சம்மரியில் எழுதியதும் வேறுவேறாக இருப்பது, அடையாள அட்டையில் 'ஷண்முகம்' பாலிசியில் 'சண்முகம்' என்பது, இவைதான் குவெரிக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்பதற்கு, வழக்கமான காரணங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, வருமான வரம்பு ஆண்டுக்கு 1.2 லட்சம். அதில் தொகுப்பு விலை (ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரே தொகை) என்பதால் தொகுப்பைத் தப்பாகத் தேர்ந்தால் நஷ்டம் மருத்துவமனைக்கு. திருப்பூர்ப் பக்கம் வேலை பார்க்க நினைத்தால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் அதில் வருவார்கள். அவசரமில்லாத கேஸை ரெஃபரல் கடிதம் இல்லாமல் அட்மிஷன் போட்டால் பணம் வருவது கஷ்டம். பாலக்காட்டிலிருந்து வருபவர்களுக்கு மலையாளமும், வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியும் கொஞ்சம் பேசத் தெரிந்தால் இந்த டெஸ்க்கில் உங்கள் மதிப்பே தனி.

தரப் பிரிவில், மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். அமைப்பின் விதிப் புத்தகம் 10 அத்தியாயங்கள்: ஐந்து நோயாளி சார்ந்தவை, ஐந்து நிறுவனம் சார்ந்தவை. புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு வார்டுக்குப் போய் குப்பைக் கூடையைப் பாருங்கள். கட்டுத்துணி, சதைப்பகுதி மஞ்சள் பைக்கு. டியூப், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை சிவப்புக்கு. ஊசி, பிளேடு குத்தாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. மருத்துவக் கழிவுக்கான 2016 விதிப்படி சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மஞ்சள் பையில் டீ கப்பும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடந்தால், உதவியாளர் கைக்கெட்டும் இடத்தில் சாதாரணக் குப்பைக்கூடை இல்லை என்று அர்த்தம். அவரைத் திட்டும் முன் கூடையை நகர்த்துங்கள்.

வேலை நேர்காணலுக்கு எங்கள் பரிந்துரை: புராஜெக்ட் புத்தகத்தைவிட, அந்த எட்டுப் புள்ளிகளை நீங்கள் கையால் எழுதிய மூலத்தாளைக் கொண்டு போங்கள். சின்ன மருத்துவமனை என்றால் ஒரு பக்கப் பட்டியலும் சேர்த்து: தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, தீயணைப்புச் சான்று, பார்மசி லைசென்ஸ், எக்ஸ்-ரேக்கு ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி, ஸ்கேனுக்குப் பி.சி.பி.என்.டி.டி. (கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம்) பதிவு, லிப்ட் லைசென்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே காலாவதித் தேதிக்கும், புதுப்பிக்க விண்ணப்பிக்கும் தேதிக்கும் ஒரு காலிக் கட்டம் விடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தக் கட்டங்களை நிரப்பி, மருத்துவமனையை நடத்தும் டாக்டரின் மேசையில் வையுங்கள்.