ரம்பம் பாடுகிறது, மேல் ஸ்தாயி மட்டும் முரண்டு பிடிக்கிறது

மரம் அறுக்கும் ரம்பத்தை வளைத்து, வயலின் வில்லால் இழுத்து வாசிக்கப் பழகிவருகிறேன். அந்த ரம்பம் ஒருவழியாகப் பாடிவிட்டது. கிறீச்சிடவில்லை, கரகரக்கவும் இல்லை. வில்லை எடுத்த பிறகும் சுரம் தானாக நின்று மெல்லத் தேய்ந்து அடங்கியது. நடுவில் ஒரு ஐந்தாறு சுரம் இப்போது கேட்டவுடன் வருகிறது. அதற்கு மேலே போனால் பழையபடி வெறும் இரும்புதான். அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்துக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

இந்தக் கிறுக்கை எனக்கு ஏற்றிவிட்டவர் ஜெர்மன் நடிகையும் பாடகியுமான மார்லீன் டீட்ரிச். 1901இல் பெர்லினின் ஷோனெபெர்க்கில் பிறந்தவர். 1930இல் வந்த ‘நீல தேவதை’ படம், அப்புறம் ஹாலிவுட், இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க் அவர் முகத்தில் விழவைத்த வெளிச்சம், ஆண்கள் போடும் கோட்டும் தொப்பியும் என்று எல்லோரும் எழுதுவதை நானும் எழுதப் போவதில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது, அவர் முதலில் ஒரு வயலின் மாணவி என்பதுதான். கச்சேரி வாசிக்கும் ஆசையோடு வைமாரில் படித்தார். மணிக்கட்டில் வந்த கோளாறு அந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பெர்லின் மேடையும் சின்னச் சின்னப் படங்களும் அதற்குப் பிறகு வந்தவை. 1927இல் ‘கஃபே எலெக்ட்ரிக்’ என்ற மௌனப் படத்துக்காக வியன்னா போன இடத்தில், உடன் நடித்த இகோ சிம் அவருக்கு ரம்பம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். வில் பிடிக்கத் தெரியும், காது பழகியிருக்கிறது. ஆனால் வயலின் கேட்கும் இடக்கை விரல் வேலை இனி ஆகாது. ரம்பத்தில் அந்த விரல் வேலையே கிடையாது. இது என் ஊகம்தான், ஆனாலும் வேடிக்கைக்காக மட்டும் அவர் இதைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, என் பாட்டுக்கு வருகிறேன். பிடியைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்குவது, பல்லைத் தன் பக்கம் திருப்புவது, நுனியை இடக்கையால் வளைத்து வழவழப்பான முதுகில் வில் போடுவதெல்லாம் சுலபம். சிக்கல், தகட்டை ஆங்கில ‘S’ எழுத்துப் போல வளைக்கும் எஸ் வளைவில்தான். நுனியைச் சும்மா கீழே அழுத்தினால் தகடு ஒரே பக்கமாக வளைகிறது. அந்த நிலையில் எவ்வளவு இழுத்தாலும் ஒலி பிறந்த கையோடு செத்துவிடும். நுனியை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி இரண்டாவது வளைவைக் கொண்டுவந்தால், இரண்டு வளைவும் கைமாறும் இடத்தில் தகடு கொஞ்சம் நேராகிறது. அதிர்வு அந்தத் துண்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பிடிப் பக்கமோ கைப் பக்கமோ அது கசியாததால்தான் ஒலி நிற்கிறது.

சொல்ல இவ்வளவுதான். ஆனால் அந்த இடம் ஒரே இடத்தில் இருந்தால்தானே! வளைவைக் கூட்டினால் சுரம் ஏறும், இடமும் குறுகலான நுனியை நோக்கி நகரும். தளர்த்தினால் பிடிப் பக்கம் இறங்கும். இடக்கை சுரத்தைத் தேட, வலக்கை இடத்தைத் துரத்த வேண்டும். விரல் அகலம் தப்பினாலும் கீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வேதனை, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் சறுக்கல் இதில் இலவசமாக வருகிறது, சறுக்காமல் போவதுதான் பெரும்பாடு. வில்லை எடுத்துவிட்டு வளைத்தாலும் முந்தின சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டே கூடவே இழுபட்டு வரும். தகட்டை ஒரு விரலால் தொட்டு அடக்கிவிட்டு, வளைத்து, அப்புறம் வில்லைப் போட்டால்தான் சுரங்கள் தனித்தனியாக நிற்கின்றன. கால் நடுக்கத்தில் சுரத்துக்கு வரும் அசைவை வேண்டிய இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும் பழகிவருகிறேன்.

கற்றுக்கொடுத்த இகோ சிம் கதையைத் தேடிப் படித்து ஆடிப்போனேன். இன்ஸ்ப்ரூக்கில் பிறந்த போலந்து நடிகர். போரில் வார்சாவை ஜெர்மனி பிடித்ததும் ஆக்கிரமிப்பாளர்களோடு சேர்ந்துகொண்டார். ‘ஹைம்கேர்’ என்ற நாஜிப் பிரசாரப் படத்துக்குப் போலந்து நடிகர்களை ஆள்பிடித்துக் கொடுத்தார். அந்தப் படத்தின் இயக்குநர் குஸ்டாவ் உசிக்கி, அதே ‘கஃபே எலெக்ட்ரிக்’கை எடுத்தவர். 1941 மார்ச்சில் போலந்துத் தலைமறைவுப் படையினர் சிம்மை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். பழிக்குப் பழியாக ஜெர்மானியர்கள் 21 பிணைக்கைதிகளைக் கொன்றார்கள்.

மாணவி போன திசை நேர் எதிர். 1939இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். 1944இல் அல்ஜியர்ஸில் தொடங்கி, இத்தாலி, பிரான்ஸ் என்று நேசநாட்டு வீரர்கள் முன்னால் பாடிக்கொண்டே போனார். நிகழ்ச்சியில் ‘லில்லி மார்லீன்’ பாட்டு இருக்கும், அடுத்தவர் மனதில் நினைப்பதைச் சொல்லும் வித்தை இருக்கும், ரம்பமும் இருக்கும். ஜிகினா கவுனைத் தூக்கிவிட்டு ரம்பத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்ததும் கூட்டம் கத்தித் தீர்த்ததாம். கத்தட்டும். குண்டு விழும் ஊர்களில், குளிரில் விறைத்த தகட்டை வளைத்து அவர் சுரம் சேர்த்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1947இல் அமெரிக்க அரசு சுதந்திரப் பதக்கம் கொடுத்தது. 1960இல் பெர்லினில் பாட வந்தபோது துரோகி என்று எதிர்ப்புக் காட்டியவர்களும் இருந்தார்கள். 1992இல் பாரிசில் இறந்து, பெர்லினிலேயே அடக்கமானார்.

மேல் ஸ்தாயி ஏன் வரவில்லை என்பதற்கு வருவோம். என் ரம்பம் மரம் அறுக்க வாங்கியது. தகடு தடிமன், நுனிப் பக்கம் எஃகு விறைப்பாக இருக்கிறது. கடைசி நாலு அங்குலத்தில் இரண்டாவது வளைவு விழவே மாட்டேன் என்கிறது. நுனியில் மரக் கைப்பிடி போல ஒன்று செய்து மாட்டினேன். கட்டைவிரல் பிழைத்தது, சுரம் பிழைக்கவில்லை. கடைக்காரரிடம் மெல்லிய தகடு கேட்டால், ‘அது சீக்கிரம் ஒடிஞ்சிடும் சார்’ என்று இதைவிடத் தடிமனானதையே நீட்டுகிறார். அவர் மேல் தப்பில்லை, வாசிக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. இணையத்தில் வரவழைத்த வில் வேறு கதை: பாதி முடி தளர்ந்து, பாதி முடியில், பிடிமானத்துக்குத் தேய்க்கும் பிசினான ரோசினே ஏறாமல். நல்லவேளை, வயலின் பழுது பார்ப்பவர் ஒருவர் மறுபடி முடி கட்டித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். தகட்டில் துரு வராமல் இருக்க எண்ணெய் தடவுகிறீர்கள் என்றால், வாசிக்கும் முன் முதுகுப் பக்கத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். துளி எண்ணெய் இருந்தாலும் வில் பிடிக்காது.

அடுத்து 26 அங்குலத்தில் பல்லே இல்லாத இசை ரம்பம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சுங்க வரி எவ்வளவு போடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அது வரும்வரை, ‘நீல தேவதை’க்கு இசையமைப்பாளர் ஹோலெண்டர் போட்ட வால்ஸ் நடன மெட்டை என் ரம்பத்துக்கு எட்டும் சுருதிக்கு இறக்கி, முதல் வரியை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.