அடியேனையும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் மேனேஜரான இரண்டாம் வருஷம் அது. நாலு லைன், நூற்றுச் சொச்சம் பேர். தினமும் மாலை எம்.டி.க்கு வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்புவேன்: "இன்னிக்கு 2,200 பீஸ் முடிச்சுட்டேன் சார்." எனக்குத் தைக்கத் தெரியாது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த 'முடிச்சுட்டேன்' என்னை உறுத்தியதே இல்லை.

ஒருநாள் செக்கிங் அக்கா ஒரு டி-ஷர்ட்டோடு வந்தார். "சார், கழுத்துப் பட்டிய இழுத்தா ஓட்டை தெரியுதுங்க. ஒருக்கா பாருங்க." நான் போனில் இருந்தேன். "அப்புறம் பாக்கலாம், போங்கக்கா" என்று கையை ஆட்டினேன். அன்று டார்கெட்டைத் தாண்டப் போகிறோம், லைனை நிறுத்தினால் என் கணக்கு குறையும். மனசில் ஓடியது அது மட்டும்தான்.

அவர் சொன்னது சரி. ஊசி முனை உருண்டு வழவழப்பாக இருந்தால் பின்னல் துணியின் கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். முனை கெட்டுப்போனால் கண்ணியை அறுத்துவிடும். அயர்ன் போட்டு மடித்து வைத்த பீஸில் தெரியாது. இழுத்தாலோ ஒருமுறை துவைத்தாலோ ஓட்டை வாயைப் பிளக்கும்.

பத்து நாள் கழித்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். 8,000 பீஸ் லாட். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அளவுகோல் 2.5 என்றால், இவ்வளவு பெரிய லாட்டில் 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 10 குறை வரை பாஸ், 11 ஆனால் லாட்டே ஃபெயில். எங்களுக்கு 17. அத்தனை பெட்டியையும் பிரித்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொரு கழுத்தாக இழுத்துப் பார்த்தார்கள்.

எம்.டி. ரூமில், "செக்கிங்ல கவனிக்கல சார்" என்றேன். அந்த அக்கா கதவோரம் நின்றிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். கழுத்தில் தொங்கிய, நூல் வெட்டும் டிரிம்மரை விரலால் திருகிக்கொண்டே நின்றார், வாய் திறக்கவில்லை. லாட் போன வருத்தம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

எங்கள் அப்பா மாதம் ஒரு ஞாயிறு உழவாரப் பணிக்குப் போகிறவர். அந்த மாதம் நானும் போனேன். அவிநாசி பக்கம் ஒரு பழைய சிவன் கோயில். பிரகாரத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் அப்பரின் கடம்பூர்ப் பாட்டைப் பாடினார். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற வரியை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே வைத்திருந்தேன், என் உழைப்புக்கு யாரோ கொடுத்த பாராட்டு போல. அதற்கு முந்தைய வரி அன்றுதான் காதில் விழுந்தது: "தன் கடன் அடியேனையும் தாங்குதல்." அடியேனையும்! எல்லாரையும் தாங்குகிறவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக என்னையும் தாங்குகிறான். மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஓர் 'உம்'முக்குள் நானும் செக்கிங் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

அந்தப் பாட்டை எழுதிய அப்பர் யார்? சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமையில் இருந்தவர் என்கிறது பெரியபுராணம். திருவதிகையில் கோயில் கூட்டி மெழுகிக்கொண்டிருந்த அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்து, பிறகு புல் செதுக்கும் உழவாரத்தைக் கையில் எடுத்தவர். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஒரு தலைவனின் கதையாக அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை எம்.டி.யிடம் நடந்ததைச் சொன்னேன். அக்காவிடம், எல்லார் முன்னாலும், மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்றார். ஆனால் அடுத்த நாலைந்து மாதம் எதையும் என்னிடம் நேராகக் கொண்டு வரவில்லை, எல்லாம் சூப்பர்வைசர் வழியாகத்தான். வலித்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஒரு பாட்டைக் கேட்டு மனசு திருந்திவிடுமா? திருந்தாது. அதனால் சில பழக்கங்களைப் பிடித்துக்கொண்டேன். காலையில் திருநீறு பூசிக்கொண்டு, போனை டிராயரில் போட்டுவிட்டு லைனில் நடப்பேன். யார் பீஸை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, இழுத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. மாலைக் கணக்கில் எந்த லைன் எவ்வளவு தைத்தது, தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று பெயரோடு எழுதுவேன். ஆரம்பத்தில் பழைய சொல் தானாக வந்து விழும். அழித்துவிட்டு எழுதுவேன். இரவு விளக்கு முன்னால் உட்கார்ந்து, இன்று யார் பேச்சைப் பாதியில் வெட்டினேன் என்று யோசிப்பேன். யார் முகமும் வராத நாள் இன்றும் குறைவுதான்.

எங்களிடம் ஊசி ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. உடைந்த ஊசியின் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, டேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பர் எழுதினால்தான் புது ஊசி. போன ஆடியில் அந்த அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். உள்ளங்கையில் ஓர் ஊசி. "முனை மழுங்கிருச்சுங்க சார். நானே கழட்டச் சொல்லிட்டேன். லைன் நிக்குது."

ரெஜிஸ்டரைத் திறந்தேன். அவர் ஊசியை வைத்தார், நான் டேப்பை ஒட்டினேன். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் எழுத, பேனாவை அவரிடம் கொடுத்தேன்.