மல்டிமீடியா (புரொஜெக்டர்) போட முதல்: வன்னியில் விரிவுரைக்குப் போகிறவர்களுக்கு

பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்களுக்கோ, கல்வியியற் கல்லூரிக்கோ முதன்முதலாகப் படிப்பிக்கப் போகிறவர்கள் இரவிரவாக ஸ்லைட்டைத் திருத்துவார்கள். வகுப்பின் முதல் கால் மணித்தியாலத்தைத் தின்பது ஸ்லைட் அல்ல. பிளக், வயர், எழுத்துரு ஆகிய மூன்றும்தான். முதல் நாளே வகுப்பறைத் திறப்பை வாங்கி, கொண்டுபோகப்போகிற அதே லப்டொப்பை ஒருதரம் கொளுவிப் பாருங்கள்.

பழைய கட்டடங்களில் வட்டத் துளை 5 அம்பியர், புதியவற்றில் சதுரத் துளை 13 அம்பியர். இரண்டுக்கும் அடப்டர் பையில் இருக்கட்டும். 5 மீற்றர் எக்ஸ்டென்ஷன் கோட்டும் வேண்டும். எர்த் துளைக்குள் பேனையை விட்டு இருமுனைப் பிளக்கைத் திணிக்கும் வித்தை எல்லோருக்கும் தெரியும். செய்யாதீர்கள். பிடி தளர்ந்து சூடேறும், பாதி வகுப்பில் இணைப்பு விட்டுப்போகும்.

மல்டிமீடியாவில் எந்த வாய் இருக்கிறது என்று பாருங்கள். 15 ஊசியுள்ள வீ.ஜி.ஏ. வயரில் படம் மட்டுமே போகும். சத்தத்துக்குத் தனி வயர் தேவை. எச்.டி.எம்.ஐ. இரண்டையும் கொண்டுபோகும், ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு: கொளுவியவுடன் லப்டொப் சத்தத்தை மல்டிமீடியாவின் சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். வீடியோ ஊமையாகிவிட்டால், ஒலிக் குறியை அழுத்தி வெளியீட்டை மாற்றுங்கள். படமே வரவில்லையென்றால் விண்டோஸ் விசையோடு 'பி' அழுத்தி 'டூப்ளிகேட்' தெரிவுசெய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் ரிமோட்டில் 'சோர்ஸ்'. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

எழுத்துருதான் பெரிய தொல்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய ஸ்லைட், பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். புள்ளி விழவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றுவதே நிரந்தர வழி. பாமினி விசைப்பலகைக்குப் பழகிய கை அதே விசைகளில் யூனிகோட்டும் தட்டலாம், சாக்குச் சொல்ல இடமில்லை. நேரமில்லையென்றால் பீ.டி.எஃப். ஆக ஒரு பிரதி எடுத்துப் பென்டிரைவில் போடுங்கள். தமிழுக்கு 28 புள்ளிக்குக் குறையாத எழுத்து, ஸ்லைட்டுக்கு ஏழு வரி. கொம்பும் சுழியும் மேலும் கீழும் முட்டாமல் வரி இடைவெளி 1.2 வையுங்கள்.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாகும் முன்னரே அங்கே சிங்கள மாணவர்கள் படித்தார்கள். ஆங்கில விரிவுரைக்கு இடையிடையே தமிழில் விளக்கினால் வகுப்பில் ஒரு பகுதி வெளியே நிற்கும். கலைச்சொல்லைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசுங்கள்.

திரைக்குப் படம் 2 மீற்றர் அகலமாக வேண்டுமானால், சாதாரண மல்டிமீடியாவைச் சுமார் 3 மீற்றர் தள்ளி வைக்கவேண்டும். யன்னலைச் சாத்தி இருட்டாக்கினால் பங்குனி, சித்திரை வெயிலில் பிள்ளைகள் அவிந்துபோவார்கள். யன்னலைத் திறந்து காற்றை உள்ளே விடத்தான் வேண்டும். வெளிச்சமும் கூடவே வருமாகையால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துப் போடுங்கள். கருநீலப் பின்னணி வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

வெக்கையோடு செம்மண் தூசும் சேர்ந்து மல்டிமீடியாவின் காற்று வடிகட்டியை அடைக்கும். அடைத்தால் உள்ளே சூடேறி, சிவப்பு விளக்கு எரிந்து, மெசின் தானாக நிற்கும். பக்கத்து மூடியைக் கழற்றித் தூரிகையால் தட்டிவிட்டால் போதும், ஈரத்துணி வேண்டாம். மாரியில் தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக்கும் உதவாது. அந்நேரம் செய்வதற்கென்று எழுத்துவேலை ஒன்றை அச்சடித்து வைத்திருங்கள்.

பலகையில் நிரந்தர மார்க்கரால் யாராவது எழுதி வைத்திருந்தால், அதன்மேல் வெண்பலகை மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள், போய்விடும். சிவப்பு மார்க்கர் கடைசி வாங்குக்குத் தெரியாது.

கரண்ட் போனால் பல்ப் உள்ள மல்டிமீடியா உடனே திரும்பப் பற்றாது. பல்ப் ஆறும்வரை சில நிமிடம் பொறுக்கவேண்டும். அதுவரை பலகைதான். கரண்ட் வந்ததும் உடனே போடாமல், வோல்ட் ஏறி இறங்கி அடங்கட்டும். இடி முழங்கும் பின்னேரங்களில் பிளக்கையும் வயரையும் சேர்த்தே கழற்றுங்கள். வகுப்பு முடிந்ததும் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்தி, விசிறி ஓய்ந்த பிறகே சுவர் சுவிச்சை நிறுத்துங்கள். அடுத்த வகுப்புக்காரர் வாசலில் நின்றாலும் அந்த இரண்டு நிமிடத்தை விடாதீர்கள்.