மூண்டு பையும் அம்மாட கறுத்த கத்தியும்

முதல்ல ஒண்டச் சொல்லிப் போட்டுத் தொடங்குறன், இது சந்தைக்குக் கொண்டு போற பை இல்ல, மா ஓட்டுக்குள்ள பழம் வச்சு ஓவன்ல சுட்டு எடுக்கிற பை. அம்மாவுக்கு இத விளங்கப்படுத்தவே எனக்கு ஒரு பின்னேரம் போச்சு. "என்ன மகள் செய்யிற?" "பை செய்யிறன் அம்மா." "ஏன், கதவுக்குப் பின்னால தொங்குற பை காணாதோ?" அதுக்குப் பிறகு நான் பழக்கேக் எண்டே சொல்லத் தொடங்கிற்றன். கேக் இல்லத்தான், ஆனா சமாதானம் முக்கியம்.

தம்பி கொழும்பில இருந்து ராத்திரி பஸ்ஸில வரேக்க ஒரு பெட்டி கொண்டு வந்தவன். உள்ளுக்க 9 பெர்சிமன் பழம், ஒவ்வொண்டும் ஒரு கைக்குள்ள அடங்காது, நல்ல செம்மஞ்சள், அடிப்பக்கம் கூரா. அக்கா எப்ப பாத்தாலும் யூடியூப்பில வெள்ளைக்காரர் பை சுடுறதப் பாத்துக் கொண்டிருக்கிறா எண்டு வாங்கினவனாம். விலைய நான் கேக்கேல்ல, அவன் சொல்லவும் இல்ல, அவன்ட முகத்தப் பாத்தே விளங்கிற்று. கத்தரிக்காய்க்கு இருக்கிற மாதிரி தலையில ஒரு தொப்பி, நாலு இதழா விரிஞ்சு காய்ஞ்சு கிடந்தது. இந்தத் தொப்பிய ஞாபகம் வச்சுக் கொள்ளுங்கோ, பிறகு வரும்.

அண்டைக்கு வெள்ளிக்கிழமை, மட்டக்களப்பில இருந்து மச்சாள் ஆக்கள் கோணேசர் கோயிலுக்கு வந்து பின்னேரம் வீட்ட வாறதா இருந்தது. வெளியில மாரி மழை பிடிச்சு ஊத்துது, நானும் சந்தோசத்தில மா குழைக்கத் தொடங்கிற்றன். திருகோணமலையில பை மா குழைக்கிறதுக்கு மழை நாளத் தவிர வேற நாள் சரி வராது, சித்திரை வைகாசியில பட்டரக் கையில எடுத்தா அது விரலுக்கு நடுவால ஓடுற எண்ணெய்தான். கோதுமை மா 250 கிராம், குளிர் பட்டர் 125, உப்பு ஒரு கிள்ளு, ஐஸ் தண்ணி மூண்டு நாலு மேசைக்கரண்டி. பட்டர விரல் நுனியால உதிர்க்கோணும், உள்ளங்கை படக் கூடாது. ரொட்டிக்குப் பிசையிற மாதிரி அடிச்சுப் பிசைஞ்சா ரொட்டிதான் வரும், அத நான் போன வருசமே செய்து பாத்திட்டன்.

மா பிரிட்ஜுக்குள்ள போச்சு, நான் பழத்த வெட்ட இருந்தன். வெட்டேக்கயே ஒரு சந்தேகம், கல்லு மாதிரி இருந்தது. ஒரு துண்ட வாயில போட்டன். ஐயோ. முதல் ரெண்டு செக்கனுக்கு இனிப்பு, பிறகு நாக்கு, கொடுப்பு, மேலண்ணம் எல்லாத்தையும் ஆரோ உள்ளுக்கு இருந்து இழுத்துத் தைச்ச மாதிரி ஒரு கயர். பிஞ்சு வாழைக்காயத் தோலோட பச்சையாக் கடிச்சிருக்கிறீங்களா? அதவிட ஒரு பத்து மடங்கு எண்டு வையுங்கோ. தண்ணி குடிச்சாலும் போகேல்ல, சீனி நக்கினாலும் போகேல்ல.

எந்தப் புத்தியுள்ள மனிசியும் அந்த இடத்தில நிப்பாட்டியிருப்பா. நான் நினைச்சன் சீனி கூடப் போட்டு ஓவன்ல வச்சா சரி வரும் எண்டு. மூண்டு பழத்த மெல்லிசா வெட்டி, சீனி, கறுவாத்தூள், கொஞ்சம் தேசிப்புளி விட்டு அடுக்கி, 180 டிகிரியில முக்கால் மணித்தியாலம் வச்சு எடுத்தன். பாக்க எவ்வளவு வடிவு தெரியுமோ, சூரியன் மாதிரி! போட்டோ எல்லாம் எடுத்து ஸ்டேட்டசிலயும் போட்டிட்டன், அதுதான் இண்டைக்கும் வெக்கமாக் கிடக்கு. மச்சாள் ஒரு வாய் வச்சிட்டு "நல்லாயிருக்கு" எண்டு சொல்லி ஒரு கிளாஸ் தண்ணி கேட்டா. இவர் ஒண்டும் சொல்லேல்ல, தட்ட மெல்லமா மேசைக்குக் கீழ நாய்ப் பக்கம் தள்ளினவர், நாயும் மணந்து பாத்திட்டு எழும்பிப் போச்சு. மச்சாளிட சின்னவனுக்கு ஆறு வயசு, அவன்தான் உண்மை பேசினவன். "மாமி, என்ட வாய்க்குள்ள ஆரோ சொக்ஸ் போட்ட மாதிரி இருக்கு."

ராவு எல்லாரும் போனாப் பிறகு அம்மா குசினிக்குள்ள பாத்திரம் கழுவிக் கொண்டு நிண்டவ, திடீரெண்டு கூப்பிட்டா. அவட பழைய இரும்புக் கத்திய, நான் பழம் வெட்டிப் போட்டுக் கழுவாம வச்சிருந்தத, வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் கொண்டு நிக்கிறா. அலகு முழுக்க நீலமும் கறுப்புமா மை பூசின மாதிரி. ஏச்சு விழப்போகுது எண்டு நினைச்சன். அம்மா கத்தியப் பாத்தா, பிறகு தட்டில கிடந்த அந்தத் தொப்பிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இது பனிச்சங்காய் எல்லோ பிள்ள. பெரிசா இருக்கு, அவ்வளவுதான்."

எனக்குப் பனிச்சை எண்டா பனிச்சங்கேணி எண்ட ஊர்ப் பேர் மட்டுந்தான் தெரியும், வாகரைப் பக்கம். அம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்க அவட ஐயா திருக்கடலூரில தொழில் செய்தவர், நைலோன் வலை எல்லாம் பிறகு வந்தது, அப்ப நூல் வலை. நூல் உப்புத் தண்ணியில கிடந்து உக்கிப் போகாம இருக்க முத்தாத பனிச்சங்காயக் கொண்டு வந்து இடிச்சு, தண்ணியில ஊறப் போட்டு, அந்தச் சாயத்துக்குள்ள வலையத் தோய்ச்சுக் காய விடுவினமாம். காயக் காய வலை மண்ணிறமா இறுகி வருமாம். இடிச்ச ஆக்களிட கையும் கறுத்து, நகத்தில இருந்து சாயம் போகக் கிழமைக் கணக்கில எடுக்குமாம். வள்ளத்தில பலகை இடுக்கு அடைக்கவும் அந்தப் பால்தானாம். "அத வாயில வச்சா ஐயா அடிப்பார்" எண்டு சொல்லிப் போட்டு அம்மா சிரிச்சா. வச்சிருக்கிறா எண்டு விளங்குது.

அண்டைக்கு ராவு கரண்ட் இருக்கேல்ல, நான் படுத்துக் கொண்டு போனில தேடினன். அம்மா சொன்னது அச்சொட்டாச் சரி. பெர்சிமனும் எங்கட பனிச்சையும் ஒரே பேரினம், டயோஸ்பைரோஸ் எண்டு பேர். தமிழ்ல இதுக்குச் சீமைப் பனிச்சை எண்டே பேர் வச்சிருக்கினம். கருங்காலியும் இதே பேரினந்தானாம், எங்கட வீட்டு உலக்கை கருங்காலி, அப்ப நான் உலக்கைக்குச் சொந்தக்காரப் பழத்திலதான் பை சுட்டிருக்கிறன். இன்னும் ஒரு விசயம், ஜப்பான்காரரும் முத்தாத பெர்சிமன இடிச்சுச் சாறெடுத்து, புளிக்க வச்சு, காகிதத்துக்கும் மரத்துக்கும் பூசுறது, மீன் வலையும் தோய்க்கிறது, காக்கிஷிபு எண்டு சொல்லுவினம். திருக்கடலூர்க் கரையில அம்மப்பா செய்த அதே வேலை! எனக்கு உண்மையா மயிர் கூச்செறிஞ்சு போச்சு, இவர எழுப்பிச் சொன்னன், அவர் "ம்ம்" எண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.

கயருக்குக் காரணம் டனின். தேயிலையில இருக்கிற அதே சாதிச் சாமான், எச்சில்ல இருக்கிற புரதத்தப் பிடிச்சுக் கட்டிப் போடும், அதுதான் வாய் காய்ஞ்சு இழுக்குது. கத்தி கறுத்ததும் டனின் இரும்போட சேந்ததால. பெர்சிமன்ல ரெண்டு வகை இருக்கு, தட்டையா தக்காளி மாதிரி இருக்கிற ஃபூயு, அத அப்பிள் மாதிரிக் கடிச்சுத் தின்னலாம். கூரா இருக்கிறது ஹச்சியா, அது நல்லாக் கனிஞ்சு ஜெலி மாதிரித் தளதளக்கிற வரைக்கும் வாயில வைக்கேலாது. தம்பி கொண்டு வந்தது கூரானது. வெறும் வயித்தில காயாக் கனக்கத் தின்டா வயித்துக்குள்ளயே கட்டியாகி ஒப்பரேசன் வரைக்கும் போற ஆக்களும் இருக்கினமாம். சின்னவன் ஒரு வாயோட நிப்பாட்டினது நல்லதாப் போச்சு.

மிச்சம் 6 பழம். மூண்ட ஃபிரீசருக்குள்ள போட்டன், உறைய வச்சு எடுத்தா கயர் குறையும் எண்டு கன பேர் எழுதியிருந்தவ. மற்ற மூண்டையும் அம்மா பறிச்சுக் கொண்டு போய் அரிசிப் பெட்டிக்குள்ள ஒரு கதலிச் சீப்போட தாட்டுப் போட்டா. மாங்காய் பழுக்க வைக்கிற அதே வித்தை, பழுக்கிற வாழைப்பழம் விடுற எதிலீன் வாயு மற்றதையும் பழுக்க வைக்கும். அம்மாவுக்கு எதிலீனும் தெரியாது ஒண்டும் தெரியாது, ஆனா பெட்டிய மூடி வைக்கோணும் எண்டு தெரியும்.

ரெண்டு நாளால ஃபிரீசர்ப் பழத்த எடுத்து வெளியில வச்சன். உருகேக்க தொட்டுப் பாத்தா பழம் தளர்ந்து, கரண்டியால அள்ளுற மாதிரி வந்திட்டுது. நக்கிப் பாத்தன், தேன்! கயரே இல்ல, பேரீச்சம்பழமும் பப்பாசியும் கலந்த மாதிரி ஒரு ருசி. துள்ளிக் குதிச்சுக் கொண்டு முட்டை, ரின்பால், கறுவா எல்லாம் அடிச்சு ரெண்டாவது பை சுட்டன். ஆறினாப் பிறகு வாயில வச்சா, முதல் நாள் மாதிரி இல்ல, ஆனா விழுங்கின பிறகு தொண்டைக்குள்ள மெல்லிசா அந்தச் சொக்ஸ். எனக்கு அழுகையே வந்திட்டுது. பச்சையா இனிச்ச சாமான் எப்பிடி ஓவனுக்குள்ள போய்க் கயர்க்கும்?

கயர்க்குமாம். பழம் கனியேக்க டனின் எங்கயும் போறேல்ல, கரையாத கட்டியா மாறி நாக்குக்குத் தெரியாம ஒளிச்சுக் கொண்டிருக்கு, அவ்வளவுதான். சூடு பட்டா அதில கொஞ்சம் திரும்பக் கரைஞ்சு வந்திடும். ஜப்பான்ல இதுக்குத் தனிப் பேரே இருக்கு. அமெரிக்காவில பெர்சிமன் புடிங் செய்யிற ஆக்கள் அதுக்குத்தான் பழக்கூழில சோடாப்பூ, அதான் பேக்கிங் சோடா, போடுறது. அங்க இன்டியானாவில மிச்சல் எண்ட ஊர்ல 1947ல இருந்து பெர்சிமன் திருவிழாவே நடக்குது, அது அவையிட சொந்தக் காட்டுப் பழம், சின்னது, எங்கட பனிச்சைக்கு இன்னொரு மச்சாள். அவையும் மரத்தில காயப் பிடுங்கிறேல்ல, தானாக் கனிஞ்சு நிலத்தில விழுறதத்தான் பொறுக்கிறது.

அரிசிப் பெட்டிப் பழத்துக்குப் பதினொரு நாள் காத்திருந்தன். தினம் தினம் திறந்து அமுக்கிப் பாத்து அம்மாட்ட ஏச்சு வாங்கினதுதான் மிச்சம். கடைசியில ஒரு விடிய அம்மாவே தூக்கிக் கொண்டு வந்தா, தோல் கண்ணாடி மாதிரி, உள்ளுக்க தண்ணி நிரப்பின பலூன் போல ஆடுது, தூக்கேக்கயே கிழிஞ்சிடுமோ எண்டு பயம். தொப்பியக் கழட்டி, கரண்டியால வழிச்சு எடுக்க 400 கிராம் கூழ் வந்தது. அதில முக்கால் தேக்கரண்டி சோடாப்பூ போட்டுக் கலக்கினன், நான் பாத்துக் கொண்டு நிக்கவே கூழ் இறுகி ஜெலியாகி நிறமும் கொஞ்சம் மங்கிச்சு. பயந்து போனன், ஆனா அது அப்பிடித்தானாம், மிக்சியில ஒருக்கா சுத்தினா சரி.

இந்த முறை ரின்பால விட்டிட்டன். கிண்ணியாவில இருந்து எங்களுக்குப் பக்கத்து வீட்ட வந்திருக்கிற தாத்தா ஒராள் (முஸ்லிம் ஆக்கள் அக்காவத்தான் தாத்தா எண்டு சொல்லுறது), பெருநாளைக்குப் பெருநாள் வட்டிலப்பம் அனுப்புறவ, அவட்ட மதிலால எட்டிக் கேட்டன். "உங்கட பைக்குள்ள போடுறது முட்டையும் பாலும் இனிப்பும் எண்டா அது வட்டிலப்பந்தானே, பிறகென்ன யோசினை" எண்டு ஒரே போடாப் போட்டா. சரி எண்டு முட்டை 3, கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி, சீவின கித்துள் கருப்பட்டி 100 கிராம், ஏலக்காய், கொஞ்சமாச் சாதிக்காய், உப்பு, எல்லாத்தையும் கூழோட அடிச்சு வடிச்சன். மாவத் தட்டில பரத்தி, அதுக்கு மேல பேப்பர் போட்டுப் பயறு நிரப்பி 15 நிமிசம் வெறுமனாச் சுட்டு எடுத்துப் போட்டுத்தான் ஊத்தினது, இல்லாட்டி அடி சதசதத்துப் போகும். பிறகு 170ல ஒரு 45 நிமிசம், நடு மட்டும் கொஞ்சம் ஆடோணும். பாதியில கரண்ட் போச்சு. நான் ஓவன் கதவத் திறக்காம முன்னால கதிரை போட்டுக் குந்திக் கொண்டிருந்தன், இருபது நிமிசத்தால வந்திட்டுது, மேல ஒரு வெடிப்பு விழுந்தது, பரவாயில்ல, இந்த முறை ஸ்டேட்டஸ் போடுற எண்ணம் எனக்கு இல்ல.

ராவு முழுக்கப் பிரிட்ஜில வச்சு அடுத்த நாள் வெட்டினன். இவர் ரெண்டு துண்டு திண்டு போட்டு மூண்டாவதுக்குக் கத்தியத் தேடினவர். கயர் துளியும் இல்ல, கருப்பட்டியும் பழமும் எது எது எண்டு பிரிச்சுச் சொல்லேலாது. கால்வாசிய மதிலால தாத்தாவுக்குக் குடுத்தன், பின்னேரம் தட்டு வெறுமையாத் திரும்பி வரேல்ல, தொதல் வந்தது.

அம்மா ஒரு துண்டு திண்டிட்டு நல்லாயிருக்கு எண்டா, ஆனா அவட கவனம் அதில இல்ல. முதல் நாள் நான் எறிஞ்ச தோலையும் காய்த் துண்டையும் அவ ஒரு பழைய மீன்டின்னுக்குள்ள தண்ணியோட ஊறப் போட்டிருக்கிறா, எனக்குச் சொல்லாம. அதுக்குள்ள ஒரு முழம் வெள்ளைப் பருத்தி நூலத் தோய்ச்சுத் தோய்ச்சுக் காய விட்டிருக்கிறா. இப்ப அது குசினி ஜன்னல் கம்பியில தொங்குது, நல்ல மண்ணிறம், கம்பி மாதிரி விறைப்பு. அப்பிடி ஒரு நாத்தம், இலையான் கூடக் கிட்ட வருதில்ல, கழட்டவும் விடுறா இல்ல.