பழைய தண்டனையும் பாதுகாப்பு அனுமதியும்

"மாமா, பத்தொன்பது வயதில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்கு வாங்கிய தண்டனை என்னை விடவே விடாதா?" என்று என் அக்கா மகன் கேட்டான். அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை காத்திருக்கிறது. அரசின் இரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் அதில் சேர முடியும்.

தண்டனை பெற்றவர் என்பதற்காக மட்டும் கதவு தானாக மூடிவிடாது. இந்த அனுமதியை முடிவுசெய்ய 2017 முதல் நடைமுறையில் உள்ள நெறிமுறைகளில் குற்ற நடத்தைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எத்தனை ஆண்டுகள் கடந்தன, மறுபடி தவறு நடந்ததா, இழப்பீடு செலுத்தப்பட்டதா, நன்னடத்தைக் கால நிபந்தனைகள் நிறைவேறினவா, வேலையில் பெயர் எப்படி என்று முழு மனிதரையும் எடைபோடுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்று, குறைந்தது ஓராண்டு சிறையில் இருந்தவர்களுக்குச் சில உயர்நிலை அனுமதிகளில் மட்டும் தனித்தடை உண்டு. அவன் சிறைக்கே போகவில்லை.

என்னைப் பதறவைத்தது அடுத்த கேள்விதான். வழக்கு ஆவணத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி நீதிமன்றம் முத்திரையிட்டு மூடிவிட்டதே, எழுதாமல் விடலாமா என்றான். கூடவே கூடாது! பாதுகாப்பு அனுமதிக்காக நிரப்பும் எஸ்.எஃப்-86 படிவம் பல கேள்விகளில் ஏழாண்டுகளோடு நின்றாலும், மது, போதை தொடர்பான வழக்குகளை வாழ்நாள் முழுவதற்கும் கேட்கிறது. முத்திரையிட்ட வழக்கையும் எழுதச் சொல்கிறது. விதிவிலக்கு சில போதைப்பொருள் தண்டனைகளுக்கு மட்டுமே. பழைய குற்றத்தைக் காலம் ஆற்றும். இன்று வேண்டுமென்றே மறைத்தால் அது நேர்மை குறித்த புதிய குற்றச்சாட்டாகிவிடும்; பொய்யான தகவல் தருவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட.

தீர்ப்பின் நகல், அபராத ரசீது, மேலாளரின் கடிதம் எல்லாவற்றையும் இந்த வாரமே திரட்டச் சொல்லியிருக்கிறேன்.