செம்பனைக் காட்டுப் பேயும் இரண்டு வாரத் தண்டனையும்

21 ஜூலை 2024, ஞாயிறு

நேற்று ராத்திரி எங்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் செம்மண் சாலையில் நான்காம் படிவப் (பதினாறு வயது) பையன்கள் மூன்று பேர் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பேய் காட்டியிருக்கிறார்கள். முதலில் வந்த மோட்டார்காரர்கள் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கீழ் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா. பதறிப்போய் பிரேக்கைப் பிடித்ததில் வண்டி சறுக்கி, கைமணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

அவரைத் தூக்கி, ஒரு பையனின் அப்பாவை எழுப்பி, வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இந்த மூவர்தான். ஆனால் டிக்டாக்கில் ஏற்றிய வீடியோவில் அது இல்லை. விழுவதும் சிரிப்பும் மட்டும்தான் இருக்கிறது. காலையில் சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) கடைத்தெருவுக்குப் போனால் டீக்கடையில்கூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

23 ஜூலை, செவ்வாய்

பள்ளி மூவரையும் இரண்டு வாரத்துக்கு இடைநீக்கம் செய்துவிட்டது. நான் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழுவில் இருப்பதால் ஒரு பையனின் அம்மா கடிதத்தோடு தோட்ட ஆபீசுக்கே வந்துவிட்டார். பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக எழுதியிருந்தது. அந்த அக்காவின் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"சனிக்கிழமை ராத்திரி அவன் என் பொறுப்புண்ணே. அடிச்சிருந்தா நான் அடிச்சிருப்பேன். பள்ளிக்கூடம் எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பையன்கள் சீருடையில் இல்லை. நடந்த இடம் பள்ளியிலிருந்து வெகுதூரம். தப்பு நடந்தது உண்மை, அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாரிடம்?

இடைநீக்கம் என்றால் தாமானில் (நகரக் குடியிருப்பில்) இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கும் இரண்டு வாரம். தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி இல்லை. மறுநாளே யாராவது உதிரிப்பழம் பொறுக்கக் கூப்பிடுவார்கள், கையில் காசு வரும், அப்புறம் பள்ளிப் பையைத் தேடுவதே இல்லை. இத்தனை வருஷக் கிராணி (தோட்ட எழுத்தர்) வேலையில் அப்படிப் போன பையன்களின் பெயரைச் சம்பளப் புத்தகத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

24 ஜூலை, புதன்

மகள் கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறாள். ராத்திரி போன் போட்டு நெடுநேரம் பேசினேன்.

நம் நாட்டில் 1996 கல்விச் சட்டம் இருந்தாலும், பிரம்படி, இடைநீக்கம், பள்ளியை விட்டு நீக்குவது எல்லாம் 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படிதான் நடக்கிறதாம். பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்பதும் அதில்தான். சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷத்தில் எழுதியது. ஒரு பையன் ராத்திரி செய்த சேட்டை விடிவதற்குள் ஊர் முழுக்கக் கைபேசியில் ஓடும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

மற்ற நாடுகளில் எப்படி என்று கேட்டேன். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிக்கு வெளியே மாணவன் நடந்துகொள்வதையும் நியாயமான அளவுக்குத் தலைமையாசிரியர் கட்டுப்படுத்தலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அமெரிக்காவில் அதற்காக வழக்குமேல் வழக்கு. பென்சில்வேனியாவில் ஒரு பையன் பாட்டி வீட்டுக் கணினியில் பள்ளி முதல்வரின் பெயரில் கேலியாகப் போலிப் பக்கம் தொடங்கினான். பத்து நாள் இடைநீக்கம். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பையன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாட்டி வீடு வரைக்கும் பள்ளியின் கை நீள்வது ஆபத்து என்பது நீதிபதிகளின் கருத்து.

2021இல் உச்ச நீதிமன்றத்துக்கே ஒன்று போனது, மஹனோய் வழக்கு. அங்கேயும் ஒரு சனிக்கிழமைதான். பள்ளியின் சியர்லீடிங் குழுவில் (விளையாட்டு அணியை உற்சாகப்படுத்தும் குழு) மேல்நிலை இடம் கிடைக்காத ஒரு பெண், கடையில் நின்றுகொண்டு கெட்ட வார்த்தையோடு ஸ்னாப்சாட்டில் ஒரு படம் போட்டாள். ஒரு வருஷம் குழுவை விட்டு நிறுத்தினார்கள். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் ஜெயித்தாள். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் பிள்ளை பொதுவாகப் பெற்றோரின் பொறுப்பில் வந்துவிடுகிறது என்றார் நீதிபதி பிரையர். ஆனால் சக மாணவரைக் கடுமையாகத் துன்புறுத்துவது, ஆசிரியரை மிரட்டுவது மாதிரியான காரியங்களில் வெளியே நடந்தாலும் பள்ளி தலையிட இடமுண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

"அதெல்லாம் பேச்சுரிமை வழக்கு, அப்பா. இங்கே ஒருத்தருக்குக் கை போயிருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க" என்றாள். சரிதான். அந்தத் தீர்ப்புகள் இங்கே செல்லவும் செல்லாது. ஆனாலும் எந்த இடத்தில் கோடு போடுவது என்று யோசிக்க எனக்கு உதவியது.

இன்னொன்றும் சொன்னாள். பள்ளி தண்டிக்காவிட்டால் யாருமே கேட்க மாட்டார்கள் என்பது தப்பு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2001 சிறார் சட்டத்தின்படி தனி நீதிமன்றமே இருக்கிறது. மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அக்கா போலீசில் புகார் கொடுத்தால் அது அங்கே போகலாம்.

27 ஜூலை, சனி

அக்காவைப் பார்க்கப் போனேன். போலீசுக்குப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை. "புள்ளைங்கதான் தூக்கிட்டுப் போச்சுங்க, விடுங்கண்ணே" என்றார். வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம்தான் அவருடைய கவலை.

அவர் மகள் இரண்டாம் படிவம், அதே பள்ளி. திங்கட்கிழமையிலிருந்து வகுப்பில் பையன்கள் அந்த வீடியோவைப் போட்டுக்காட்டி, அம்மா கத்தியது மாதிரியே கத்திக் காட்டுகிறார்களாம். புதன்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை.

பள்ளி பார்க்க வேண்டியது இதைத்தான். சாலையில் நடந்ததற்குப் பெற்றோரும் அக்காவும் இருக்கிறார்கள், தேவைப்பட்டால் போலீசும் இருக்கிறது. வகுப்பறைக்குள் இந்தப் பெண்ணுக்கு நடப்பதைக் கேட்கப் பள்ளியை விட்டால் வேறு யார்? நற்பெயரைக் காப்பாற்றக் கடிதம் எழுதியவர்கள் இவள் வராததை விசாரிக்கக்கூட இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

30 ஜூலை, செவ்வாய்

செயற்குழுக் கூட்டம். கட்டொழுங்கு ஆசிரியர் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "வீடியோவைப் பார்த்த ஊர்க்காரர்கள் உங்களுக்கா போன் போட்டார்கள்? எனக்குத்தான் போட்டார்கள். நாளைக்கு யாராவது செத்தால் பள்ளி என்ன செய்தது என்றுதான் கேட்பார்கள்" என்றார். உண்மை. நாமே எல்லாவற்றையும் ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு, தண்டித்தால் மட்டும் அதிகாரம் உண்டா என்று கேட்கிறோம்.

ஆனால் ஊரார் கோபத்தைத் தணிக்க ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். வெளியே நடந்தது பள்ளிக்குள் இருக்கும் ஒருவரைப் பாதித்தால் அந்தப் பாதிப்புக்கு மட்டும் பள்ளி தண்டிக்கட்டும். அதையும் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டே செய்யட்டும். இந்த மூவரை எடுத்துக்கொண்டால், வீடியோவை நீக்குவதும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதும் பள்ளி வாங்கித் தர வேண்டியவை. வகுப்பில் கேலி செய்தவர்களையும் கூப்பிட வேண்டும். அவர்கள் பேய் வேஷம் போடவில்லை, ஆனால் பள்ளிக்குள் தப்பு செய்தது அவர்கள்தான்.

முதல்வர் எழுத்தில் கேட்டார். கொடுத்தோம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

இடைநீக்கத்தைக் கொஞ்சம் முன்னதாகவே முடித்துத் திங்கள் முதல் வரச் சொல்லியிருக்கிறார்கள். வீடியோவை எடுத்தாகிவிட்டது. மூன்று குடும்பமும் சேர்ந்து அக்காவின் சம்பள இழப்பைக் கொடுக்க ஒத்துக்கொண்டன. அவர் மகளோடு ஆலோசக ஆசிரியை பேசியிருக்கிறார். அவளும் திங்கட்கிழமை வருவதாகச் சொல்கிறாள்.

ஆனால் மூவரில் ஒருவன் புதன்கிழமையிலிருந்து கன்ட்ராக்டரோடு குலை வெட்டப் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு நாளுக்கு எழுபது வெள்ளியாம் (ரிங்கிட்). அவன் அம்மாவுக்கும் அந்தக் காசு தேவைப்படுகிறது. நாளைக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே கன்ட்ராக்டரைப் பிடித்து, திங்கள் முதல் அவனை ஏற்ற வேண்டாம் என்று கேட்கப் போகிறேன். அப்புறம் அவன் வீட்டுக்கும் போக வேண்டும்.