சட்னி அரைத்தால் நிற்கும் இயந்திரம்

பல்லாங்குழிப் பலகை ஒன்று வேண்டும் என்றுதான் அம்மா கேட்டார். கடைக்குப் போனால் ஒரு சாயங்கால வேலை. ஆனால் கோயம்புத்தூரில், அதுவும் கணபதி பக்கம், லேத் சத்தத்தில் தூங்கி லேத் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவனிடம் மரத்தில் 14 குழி வேண்டும் என்று கேட்டால் அவன் கடைக்கா போவான்? குழி தோண்டுகிற இயந்திரத்தையே வீட்டில் கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

"ஆமா, இவரு பெரிய ஜி.டி. நாயுடு" என்றாள் மனைவி. எங்கள் ஊரில் கையில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்த ஒவ்வோர் ஆணும் ஒரு தடவையாவது வாங்கிக்கொண்ட பட்டம் இது. 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கியதில் பங்குள்ளவர் பெயரைச் சொல்லித் திட்டினால் யாருக்குத்தான் கோபம் வரும்? எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நான் கட்ட நினைத்தது சிஎன்சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் இயந்திரம். அதில் மாயம் ஒன்றுமில்லை. வேகமாகச் சுற்றி மரத்தை வெட்டுகிற ஒரு பிட், அதை இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று நகர்த்த மோட்டார்கள், எங்கே போக வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் ஒரு கோப்பு. அவ்வளவுதான். அந்த வரிகளுக்கு ஜி-கோட் என்று பெயர். 'ஜி1 எக்ஸ்50 எஃப்600' என்று எழுதினால், 'எக்ஸ் அச்சில் 50 என்கிற இடத்துக்கு, நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில், நேராகப் போ' என்று அர்த்தம். 1952-ல் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகத்தில் இந்த மாதிரி இயந்திரத்தை முதன்முதலில் ஓட்டிக் காட்டியபோது, துளை போட்ட நாடாவைப் படித்துக் கட்டளை தருவதற்கு வெற்றிடக் குழாய்கள் அடைத்த அலமாரிகள் தேவைப்பட்டன. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை அதைச் செய்கிறது. நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் தொடங்கிய, ஜி-கோட்டைப் படித்து மோட்டார்களை ஓட்டுகிற ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள், அந்தப் பலகையின் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கிவிடுகிறது. என் மகள் எடுக்கும் ஒரு செல்ஃபிக்கு இதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்.

இதையெல்லாம் மனைவியிடம் ஆர்வமாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அத்தனை சின்னதுன்னா எதுக்கு ஸ்கூட்டரை வெளிய நிறுத்தச் சொல்றீங்க?" என்றாள்.

ஸ்கூட்டர் வெயிலுக்குப் போனது. அடுக்களைச் சுவரை ஒட்டிய ஷெட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. 40க்கு 40 மில்லிமீட்டர் அலுமினிய ப்ரொஃபைலில் சட்டம், சுற்றச் சுற்ற அச்சை நகர்த்தும் 16 மில்லிமீட்டர் தடிமன் பால் ஸ்க்ரூ, படிப்படியாகச் சுற்றுகிற நேமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள், மரக்கடைக்காரர்கள் ஓரம் சீவ வைத்திருக்கும் ட்ரிம்மர். வெட்டும் பரப்பு 600க்கு 400 மில்லிமீட்டர். காசு இருந்தால் ட்ரிம்மருக்குப் பதில் தண்ணீரில் குளிர்கிற ஸ்பிண்டில் மோட்டார் போடலாம். அது சத்தமே போடாது என்கிறார்கள். ட்ரிம்மர் நிமிடத்துக்கு 30,000 சுற்று. முதல் நாள் அதை ஓடவிட்டபோது எதிர் வீட்டுக்காரர் வந்து, பல் டாக்டர் யாராவது குடிவந்திருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பொருட்கள் கூரியரில் வர வர, பக்கத்துத் தெரு ஆசாரியும் வர ஆரம்பித்தார். எழுபதைத் தாண்டியவர். எங்கள் வீட்டு வாசல் நிலை, கதவு எல்லாம் அவர் கை. வருவார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், காபி வரும், பார்த்துக்கொண்டே இருப்பார்.

மோட்டார் தண்டின் விட்டம் 6.35 மில்லிமீட்டர். சின்ன பிட்டின் தண்டு 3.175. இந்த எண்களை எந்தப் புண்ணியவான் வைத்தான் என்று நான் வெர்னியர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"ரெண்டு நூலுங்க தம்பி" என்றார் ஆசாரி.

"எதுங்க அய்யா?"

"அந்த ஆறே சொச்சம். சின்னது ஒரு நூல்."

எட்டு நூல் ஓர் அங்குலம். 25.4-ஐ எட்டால் வகுத்துப் பார்த்தேன். 3.175. தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கமும் சரி. அவர் வெர்னியரைத் தொடக்கூட இல்லை, காபியைத்தான் ஆற்றிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பூட்டி முடித்ததும் முதலில் மரத்தை வெட்டக் கூடாது. பிட் இருக்கிற இடத்தில் ஒரு பேனாவைக் கட்டிக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். அம்மா காலண்டரில் நல்ல நேரம் பார்த்துச் சொன்னார். சட்டத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். தண்டவாளத்தில் மட்டும் வைக்க வேண்டாம், உள்ளே பேரிங் உருண்டை ஓடுகிறது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். 100 மில்லிமீட்டர் கோடு போடச் சொல்லி இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தேன். அழகாக நகர்ந்தது. 78-ல் நின்றுவிட்டது.

"பாக்கி 22 எங்கீங்க?" என்றார் ஆசாரி.

"புதுசுதானே, கூச்சமா இருக்கும்" என்றார் அம்மா.

கூச்சம் இல்லை, கணக்கு. ஜிஆர்பிஎல் வரும்போதே, ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டாருக்கு 250 மின் துடிப்பு அனுப்ப வேண்டும் என்று பொதுவாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வருகிறது. நம் வீட்டில் என்ன ஸ்க்ரூ இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி, படிக்கு ஒரு துடிப்பு. மோட்டாரை ஓட்டுகிற டிரைவர் சர்க்யூட்டில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். 1600-ஐ 5-ஆல் வகுத்தால் 320. அந்த எண்ணை மாற்றியதும் கோடு 100-ல் வந்து நின்றது. ஆசாரி தன் டேப்பை எடுத்து அதையும் ஒரு தடவை அளந்துகொண்டார். கம்ப்யூட்டர் சொன்னால் ஆயிற்றா?

அடுத்து 400க்கு 300 செவ்வகம். நாலு பக்கமும் அளவு சரி. எனக்குச் சந்தோஷம். ஆசாரி பையிலிருந்து நூலை எடுத்து ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இழுத்துப் பிடித்தார். அப்புறம் மற்ற இரண்டு மூலைக்கும்.

"மூலை மட்டம் உக்காரலீங்க தம்பி."

டேப் வைத்துப் பார்த்தேன். இரண்டு குறுக்களவும் 500 இருக்க வேண்டும். ஒன்று 502, இன்னொன்று 498. பாலம் மாதிரி குறுக்கே ஓடுகிற கேன்ட்ரி சட்டம் ஒரு பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் முந்திக்கொண்டு நிற்கிறது. இதைத் திருத்த லேசர் கருவி, டயல் கேஜ் என்று யூடியூபில் ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். ஆசாரி என்னை போல்ட்டைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினார். நூலைப் பிடித்தார். இன்னொரு தட்டு, முன்னதைவிட மெதுவாக. "முடுக்குங்க" என்றார். 500, 500. அந்த போல்ட்டுகளை நான் இன்றுவரை தொடவில்லை.

இனி மரம் வெட்டலாம் என்கிற கட்டத்தில்தான் அந்தப் பிரச்சினை ஆரம்பித்தது. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று அப்படியே நின்றுவிடும். திரையில் 'அலாரம் 1' என்று வரும். ஏதோ ஓர் அச்சு தன் எல்லையில் இருக்கும் லிமிட் ஸ்விட்சைத் தொட்டுவிட்டது என்று பொருள். போய்ப் பார்த்தால் ஸ்விட்சுக்கும் அதைத் தொட வேண்டியதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அலாரம் வந்துவிட்டால் தான் எங்கே நிற்கிறோம் என்பதையே அது நம்பாது. மறுபடி மூலைக்குப் போய்த் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கிற ஹோமிங் செய்து, மறுபடி தொடங்க வேண்டும். ஸ்விட்சை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். லேத் பட்டறை அண்ணன் ஒருவர் வந்து பார்த்து, "கிரகம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் கவனித்தேன். காலையில் ஏழரை மணிவாக்கில் நிற்கிறது. ராத்திரியும் ஏழரைக்கு நிற்கிறது. அம்மாவிடம் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "ஏழரைன்னாலே அப்படித்தான் கண்ணு. சனிக்கிழமை கோயிலுக்குப் போயி எள்ளு விளக்குப் போட்டுட்டு வா."

மனைவிதான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அது நான் சட்னி அரைக்கிற நேரம்" என்றாள்.

சோதனை செய்து பார்த்தோம். நான் இயந்திரத்தை ஓட விட்டேன். அவள் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக்கொண்டே மிக்ஸியின் விப்பர் பொத்தானைத் தட்டினாள். அலாரம் 1. மறுபடி ஹோமிங், மறுபடி ஓட்டம், மறுபடி விப்பர். அலாரம் 1. அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. சிவப்பு நிறத்தில் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்திருக்கிறது, தேங்காய்ச் சட்னி வாசனையோடு.

காரணம் இதுதான். மிக்ஸி மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே ஓடும். அங்கே தெறிக்கிற பொறி கரண்ட் ஒயரில் இரைச்சலாகக் கலக்கும். என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் மின்சாரம் அதே அடுக்களை பிளக்கிலிருந்துதான் வந்தது. (ட்ரிம்மரிலும் பிரஷ் உண்டு. அதற்கு மட்டும் ஹாலிலிருந்து தனி ஒயர் இழுத்திருந்ததால் தப்பித்தது.) லிமிட் ஸ்விட்ச் ஒயர் நீளமானது, மெல்லியது, கரண்ட் ஒயரை ஒட்டியே படுத்திருந்தது. அது அந்த இரைச்சலை ஏரியல் வேலை பார்த்து வாங்கிக்கொள்ளும். ஆர்டுயினோவில் ஸ்விட்ச் ஒயர் வந்து சேரும் காலை, ஸ்விட்ச் அழுத்தப்படாதபோது தூக்கிப் பிடிக்கிற உள் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரை. ரொம்பத் தளர்வான பிடி. சின்ன இரைச்சலுக்கே விட்டுவிடும். உடனே 'ஐயோ, சுவர் வந்துவிட்டது' என்று இயந்திரம் நின்றுவிடுகிறது.

மருந்து மலிவுதான். வெளியே வலை சுற்றிய ஷீல்டு கேபிள், அந்த வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது, வெளியிலிருந்து 4.7 கிலோ ஓம் மின்தடை, ஸ்விட்ச் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அதோடு மிக்ஸியின் ஆட்சி முடிந்தது. மனைவி நாலைந்து தடவை விப்பரைத் தட்டிப் பார்த்தாள். இயந்திரம் அசரவில்லை. "அப்ப இனிமே சாப்பிடக் கூப்பிட்டா எப்படி வருவீங்க?" என்று கேட்டுவிட்டு மூடியைக் கழற்றினாள்.

பல்லாங்குழிக்கு ஆசாரி வாகைப் பலகை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். குழி ஒவ்வொன்றும் 55 மில்லிமீட்டர் அகலம், 22 ஆழம் என்று வரைந்தேன். நுனி உருண்டையான 6 மில்லிமீட்டர் பால் நோஸ் பிட். மரத்தின் மேற்பரப்பு எது என்று பிட்டுக்குக் காட்ட, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தாளை வைத்து, தாள் லேசாக உரசும் வரை பிட்டை இறக்க வேண்டும். கையில் அகப்பட்டது தினசரி காலண்டரில் கிழித்த முந்தைய நாள் தாள். என் ராசிக்கு 'செலவு' என்று போட்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குத் தொடங்கியது, சாயங்காலக் காபிக்கு முடிந்தது. 14 குழியும் ஒன்றைப்போல் ஒன்று. ஷெட், வாஷிங் மெஷின், ஆசாரியின் மீசை எல்லாம் ஒரே மரத்தூள். மகள் வீடியோ எடுத்தாள். அம்மா புளியங்கொட்டையைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு சுற்று ஆடினார். விரலை வெளியே எடுத்தார்.

"ஆழமாப் போச்சு கண்ணு. அள்ள வரலை. பாக்காம அள்ளோணும், ஒரே வழிப்பா வரோணும். இதுல நோண்டி நோண்டி எடுக்க வேண்டியிருக்குது."

22 மில்லிமீட்டரும் 55 மில்லிமீட்டரும் எந்தப் புத்தகத்தில் இருந்தன என்று அவர் கேட்கவில்லை. ஆசாரியிடம் மட்டும் ஒரு பார்வை பார்த்தார். ஆசாரி தன் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். அளந்தேன். அகலம் 60, ஆழம் 15. கோப்பில் இரண்டு எண்களை மாற்றி, இன்னொரு பலகையைப் பூட்டி ஓட்டினேன். இந்த ஓரிடத்தில்தான் இயந்திரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: உளி பிடித்தவரிடம் போய், எல்லாக் குழியையும் இன்னும் கொஞ்சம் மேலாக மறுபடி தோண்டித் தாருங்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது பலகையில் அம்மாவும் எதிர் வீட்டு அக்காவும் தினமும் ஆடுகிறார்கள். குழிக்குள் பிட் போன தடம் மெல்லிய வளையம் வளையமாகத் தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம், விரலுக்கு நன்றாக இருக்கிறது என்கிறார். ஆழமான முதல் பலகை ஷெட்டிலேயே இருக்கிறது. எம்3, எம்4, எம்5 ஸ்க்ரூ, வாஷர், டி-நட் எல்லாம் குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கென்றே அளவெடுத்துச் செய்தேன் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

போன வாரம் ஆசாரி ஒரு காகிதச் சுருளோடு வந்தார். யாருக்கோ பூஜை அறைக் கதவு, மணி தொங்கவிடச் சன்னலும் கொடிப் பூவும் வைத்த வேலைப்பாடு. "பூவெல்லாம் உங்க மிஷினு செதுக்கட்டும், சட்டமும் கூட்டும் நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கதவின் அளவைக் கேட்டேன். ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம். என் மேசை இரண்டடிகூட முழுசாக இல்லை.

"இதுல கதவு படுக்காதுங்களே அய்யா."

"படுக்காதுங்க. பெருசாக் கட்டோணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து, டேப்பை உருவி, சுவரோரமாக அளந்துகொண்டே போனார். என் இயந்திரத்தைத் தாண்டினார். டேப் வாஷிங் மெஷினின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து மனைவி துணி வாளியோடு வாசலில் வந்து நின்றாள்.

"அங்க என்னங்க அய்யா அளக்கறீங்க?"

ஆசாரி நிதானமாக டேப்பைச் சுருட்டினார்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. இந்தத் துணி தொவைக்கிற மிஷினு மொட்டை மாடில இருந்தா, காயப் போட உங்களுக்குச் சவுகரியமா இருக்குமேன்னு பாத்தேன்."